கோட்டின் எந்த முனையில் தீ

மே மாதம் பதினேழாம் தேதி, வெள்ளிக்கிழமை.

காலை 5.10: விழிப்பு. 5.30: முதல் பார்வை. மேல்காற்று, மெலிது. தூசி இல்லை, புகை இல்லை. 5.40: எண்ணெய் பூசிய கண்ணாடித் தட்டை மாற்றினேன். 6.15: காபி. 7.00: சங்க அலுவலகத்தைத் திறந்தேன். ஐஸ் வண்டி வரவில்லை. 8.30: இரண்டாம் பார்வை. மேல்காற்று, மிதம். ஏரியின் வடமேற்கே லேசான வெண்தூசி. 10.40: தபால்.

என் டைரியில் அன்றைய பக்கம் இப்படித்தான் தொடங்குகிறது. எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம். பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில் ஒரு மீனவர் குப்பத்தில், கூட்டுறவுச் சங்கத்தின் எழுத்தராக இருந்தேன். ஊரில் எனக்கு 'ரைட்டர்' என்று பெயர். வயது நாற்பத்தேழு.

தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு, ஒரு முழ நீளமுள்ள அட்டைக் குழாயை நீட்டினார்.

"இன்னா சார் இது, துப்பாக்கியா?"

"படம்."

"யாரோட படம்?"

"நம்ம ஏரியோட படம். மேலேயிருந்து எடுத்தது."

அவர் குழாயைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். பிறகு கையெழுத்து வாங்காமலே போக முயன்றார். நான் கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டேன். வாங்கியதற்குக் கையெழுத்து இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அன்று மாலை நான்கு மணிக்கு வலைக் கொட்டகையில் ஊர்க் கூட்டம். இந்தப் படத்துக்காகத்தான் எட்டு நாட்களாக ஊர் காத்திருந்தது. தேசப்பன் என்ற மீனவர் சவுக்குத் தோப்புக்குத் தீ வைத்தாரா இல்லையா என்பதைப் படம் சொல்லிவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும்தான்.

கீழே ஓர் ஆள்

எனக்கும் செயற்கைக்கோளுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம்.

அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் மாதம், சென்னையில் ஓர் ஆய்வுக் கூடத்திலிருந்து மெலிந்த இளைஞர் ஒருவர் வந்தார். வானத்தில் ஒரே இடத்தில் நிற்கும் செயற்கைக்கோள் ஒன்று மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை படம் அனுப்புகிறது என்றார். அதில் மேகம் தெரியும். காட்டுத் தீயின் புகையும், காய்ந்த நிலத்திலிருந்து கிளம்பும் தூசியும்கூட வெள்ளையாகத் தெரியும். எது புகை, எது தூசி என்றுதான் தெரியாது.

"மேலேயிருந்து பார்த்தா ரெண்டும் ஒரே கோடுதான் சார். கீழே ஓர் ஆள் இருந்து சொல்லணும்."

அந்த ஆள் நானானேன். தினமும் ஐந்து வேளை: காலை ஐந்தரை, எட்டரை, பதினொன்றரை, பிற்பகல் இரண்டரை, மாலை ஐந்தரை. காற்று எந்தத் திசை (மேற்கேயிருந்து வந்தால் மேல்காற்று, கிழக்கேயிருந்து வந்தால் கீழ்க்காற்று), புகை உண்டா, தூசி உண்டா என்று பச்சை அட்டை போட்ட பதிவேட்டில் எழுத வேண்டும். மாதக் கடைசியில் நகல் எடுத்து அனுப்ப வேண்டும்.

எதற்காக இந்த இடம் என்று கேட்டேன். கோடையில் ஏரியின் மேற்கும் வடக்கும் வற்றி, சுண்ணாம்புக்குளத்துப் பக்கம் மைல் கணக்கில் உப்புச் சேறு காய்ந்து கிடக்கிறது. அதற்கு மேற்கே ஆந்திரத்து மலைகளில் காடு எரிகிறது. இரண்டும் ஒரே பருவம். இரண்டையும் பிரித்துச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது என்றார்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு, ரயில் ஏறுவதற்காக ஆரம்பாக்கம் போயிருந்தேன். மேற்கே ஒரு சாம்பல் மூட்டம். மூக்கில் பட்டதும் தெரிந்தது, மண் வாசனை இல்லை, எரிந்த இலை. பிளாட்பாரத்தில் நின்றே எழுதினேன். அந்த நேரத்துப் படத்தில் மலையிலிருந்து நூல் போல ஒரு கோடு வந்திருந்ததாக அடுத்த வாரம் கடிதம் வந்தது. 'உங்கள் குறிப்பு இல்லாமல் இதை மூடுபனி என்று தள்ளியிருப்போம்' என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று மட்டும் டைரியில் எழுதவில்லை.

ஊர் என்ன நினைத்தது

ஊருக்கு இது பிடிக்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் ராக்கெட் தளத்துக்காக வடக்கே தீவுப் பக்கத்திலிருந்து இடம் பெயர்ந்து வந்த குடும்பங்கள் எங்கள் குப்பத்தில் உண்டு. தேசப்பன் குடும்பமும் அதில் ஒன்று. முதலில் ஒருவர் வந்து எழுதுவார், பிறகு ஒருவர் வந்து அளப்பார், பிறகு ஊர் இருக்காது. அவர்கள் கண்டது அதுதான். ஆகவே பச்சை அட்டைப் பதிவேட்டைக் கண்டாலே அவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள்.

"மேலேர்ந்து இன்னா பாக்குறான்? நான் வலை காயப் போடுறதையா?" என்று தேசப்பன் ஒரு நாள் கேட்டார்.

"புகை, தூசி மட்டும்தான்."

"எங்க நைனாகிட்டகூட அப்படித்தான் சொன்னாங்க. மரம் மட்டும்தான் எண்ணப் போறோம்னு."

பெண்கள் குளிக்கும் மறைப்புக்கு அதுவரை கூரை இல்லை. நான் எழுதத் தொடங்கிய மாதத்தில் ஓலை வேய்ந்தார்கள். அது வெயிலுக்காக என்று என்னிடம் சொன்னார்கள்.

எனக்கு ஒரு பட்டப் பெயரும் வந்தது. ஏரிச் சேற்றுத் தூசி உப்புக் கரிக்கும், சாலைத் தூசி கரிக்காது. ஆகவே, தூசி பிடிக்க வெளியே வைத்த எண்ணெய்க் கண்ணாடித் தட்டில் படிந்ததை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். ஒரு நாள் எதிர் வீட்டுக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். அதிலிருந்து நான் 'தூசி நக்கி'. முகத்துக்கு நேராக 'ரைட்டரே', முதுகுக்குப் பின்னால் அது.

அவர்கள் சந்தேகப்பட்டதற்கு நானும் சும்மா இருக்கவில்லை. அவர்களைச் சந்தேகித்தேன். பதிவேட்டை யாராவது திருத்திவிடுவார்கள் என்று பூட்டி வைத்தேன். கண்ணாடித் தட்டில் அடுப்புக் கரியைத் தூவி விளையாடுவார்கள் என்று அதை மூங்கில் கழி நட்டு உச்சியில் வைத்தேன். பதினோரு மாதத்தில் ஒருவரும் அதைத் தொடவில்லை. அப்போதும் சந்தேகம் போகவில்லை. ஏன் தொடாமல் இருக்கிறார்கள் என்று யோசித்தேன்.

ஒன்பதாம் தேதி

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் திட்டு நீளமாகப் போகிறது. எங்கள் குப்பத்துக்கு நேர் கிழக்கே, தண்ணீருக்கு அப்பால், அதில் ஒரு சவுக்குத் தோப்பு இருந்தது. அதை ஏலத்தில் எடுத்திருந்த குத்தகைக்காரர் சுண்ணாம்புக்குளத்துக்காரர். கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் சூளைகளுக்கு விறகு கொடுப்பவர்.

மே ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, அந்தத் தோப்பில் பாதி எரிந்தது.

என் பதிவேட்டில் அன்று பதினொன்றரை மணிக் குறிப்பு: 'மேல்காற்று. தூசி உண்டு, லேசானது. புகை இல்லை.' இரண்டரை மணிக் குறிப்பு: 'கீழ்க்காற்று. கிழக்கே தோப்பில் அடர்ந்த புகை.'

தேசப்பன் அன்று காலை பழவேற்காட்டுச் சந்தையில் இருந்தார். காதர் பாய் என்ற இறால் வியாபாரி, பன்னிரண்டு தாண்டிப் பகல் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரை அவர் தன் தராசுக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தார் என்று சொல்லிவிட்டார். அதை யாரும் மறுக்கவில்லை. பிறகு தேசப்பன் படகெடுத்துக்கொண்டு திட்டுக்குப் போனார். ஒரு மணி சுமாருக்குத் தோப்புக் காவல்காரர் அவரைப் பிடித்தார். கையெல்லாம் கரி, இடுப்பில் தீப்பெட்டி.

"என் வலைக்கழி எல்லாம் தோப்போரமா வச்சிருந்தேன். பொகையப் பாத்துட்டுத்தான் ஓடினேன். பீடி குடிக்கிறவன் இடுப்புல தீப்பெட்டி இல்லாம ஜவ்வாது டப்பியா இருக்கும்?" என்றார் தேசப்பன்.

மறுநாளே குத்தகைக்காரர் என் அலுவலகத்துக்கு வந்து பதிவேட்டைக் கேட்டார். வாசித்துக் காட்டினேன். பதினொன்றரைக்குப் புகை இல்லை, இரண்டரைக்கு உண்டு. நடுவில் திட்டுக்குப் போன ஒரே ஆள் தேசப்பன்.

"இதுக்கு மேல இன்னா வோணும்?" என்று எழுந்தார் குத்தகைக்காரர்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தேசப்பனைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இடுப்பைத்தான் பார்த்தேன்.

ஊர்த் தலைவர் மட்டும், "மேல இருக்கிற படமும் வரட்டும், அப்புறம் பேசலாம்" என்றார். அன்றைய குறிப்புகளின் நகலோடு நான் சென்னைக்கு எழுதினேன்.

இதில் தேசப்பன் இழக்கக்கூடியது என்ன என்று சொல்ல வேண்டும். எங்கள் ஏரியில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை கட்ட முடியாது. சீட்டுப் போட்டு, குடும்பத்துக்கு ஒரு முறை என்று இடமும் நாளும் குறிப்பார்கள். அதைப் பாடு என்பார்கள். ஏரி வாயில், அதாவது கடலோடு சேரும் முகத்துவாரத்தில், அமாவாசைத் தண்ணீர் ஏறி இறங்கும் நாட்களில், தேசப்பனுக்குப் பாடு விழுந்திருந்தது. பதினெட்டாம் தேதி விடியலில் தொடக்கம். இறால் பாயும் பாடு. அந்த வீட்டின் வருடமே அந்தச் சில நாட்களில் இருக்கிறது. தீராத பழி உள்ளவர் ஏரியில் இறங்கக் கூடாது என்பது ஊர்க் கட்டு. பாடு தவறினால் சுற்று முழுதும் முடிந்து மறுபடி சீட்டு விழும் வரை காத்திருக்க வேண்டும்.

பெண்கள் சொன்னது

ஒன்பதாம் தேதி முற்பகலில் குப்பத்தில் ஆண்கள் இல்லை. எல்லோரும் தெற்கே ஏரி வாயில் இருந்தார்கள். இருந்தவர்கள் உலர்த்தும் களத்தில் காய்ந்த இறாலை முறத்தில் தூற்றிக்கொண்டிருந்த பெண்கள் மட்டும். மதியத்துக்கு வெகு முன்பே இறாலின் மேல் கரி விழுந்தது என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஊர்க் கூட்டத்தில் பெண்கள் சாட்சி சொல்லும் வழக்கம் கிடையாது. அவர்களிடம் கடிகாரமும் கிடையாது. பாதிப் பேர் தேசப்பனுக்கு ஏதோ ஒரு வழியில் உறவு.

தேசப்பன் மனைவி நாகம்மா பத்தாம் தேதி மாலை அலுவலகத்துக்கு வந்தார். உள்ளே வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ரைட்டரே, பதினொன்றரைக்கு நீயே பாத்தியா?"

"பதிவேட்டில் இருக்கு."

"அத்தக் கேக்கல."

"பதிவேட்டில் இருக்கிறதுதாம்மா பேச்சு."

அவர் நிலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். புருஷனுக்காக எதையும் சொல்லக்கூடியவர் என்று நான் நினைத்தேன். அவர் என்னைப் பற்றி என்ன நினைத்தார் என்பது அடுத்த வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது.

குழாய்க்குள் இருந்தது

இனி பதினேழாம் தேதிக்கே வருகிறேன்.

அலுவலகக் கதவைச் சாத்திவிட்டுக் குழாயைத் திறந்தேன். வழுவழுப்பான தாள், கறுப்பு வெள்ளை. தண்ணீர் கறுப்பு, நிலம் சாம்பல், மேகம் வெள்ளை. கரையோரத்தை அவர்களே மெல்லிய கோடாகப் போட்டிருந்தார்கள். எங்கள் ஏரி என் உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கப்பட்டிருந்தது. மூலையில் 0600 என்று அச்சு. அது கிரீன்விச் நேரம். ஐந்தரை மணி கூட்டினால் நம் பதினொன்றரை.

ஏரியின் குறுக்கே, மேல்கரைக் காய்ந்த சேற்றிலிருந்து கிழக்குத் திட்டு வரை, சுண்ணாம்பு விரலால் இழுத்தது போல ஒரு வெள்ளைக் கோடு.

கூடவே கடிதம். 'பதினொன்றரை மணிக்கு மேல்காற்று, தூசி உண்டு, புகை இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதால், இந்தக் கோடு மேற்கே ஏரிப் படுகையில் கிளம்பிக் கிழக்கே செல்லும் தூசி என்று முடிவு செய்துள்ளோம். கீழ்க்காற்றாக இருந்தால் இதே கோட்டைத் திட்டிலிருந்து மேற்கே வரும் புகை என்று சொல்லியிருப்போம். இப்படிப்பட்ட இடங்களில்தான் உங்கள் துல்லியம் உதவுகிறது.'

கடிதத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

அந்தக் குறிப்பை நான் பதினொன்றரைக்கு எழுதவில்லை. பத்து ஐம்பதுக்கு எழுதினேன்.

இரண்டு நோட்டுகள்

என்னிடம் இரண்டு நோட்டுகள். ஒன்று பச்சைப் பதிவேடு. மற்றது என் சொந்த டைரி. டைரியில் ஒன்பதாம் தேதிப் பக்கத்தைப் புரட்டினேன். என் கையெழுத்தில் இருந்தது: '11.05 பேருந்து, திருப்பாலைவனம். வரன் விஷயம். மாப்பிள்ளையின் சித்தப்பாவைப் பார்த்தேன். நெல் மூட்டைகளை எண்ணிக்கொண்டே பேசினார். 1.50 திரும்பினேன்.'

மகளுக்கு வரன் பார்க்கும் காரியம். அடுத்த வண்டிக்குக் காத்திருந்தால் அந்த மனிதர் வயலுக்குப் போய்விடுவார். அதற்கு முந்தைய பத்து நாட்களாகப் பதினொன்றரைக் குறிப்பு ஓர் எழுத்துகூட மாறவில்லை: மேல்காற்று, தூசி லேசானது, புகை இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டே, மேலே பார்க்காமல், அதையே பதினோராவது முறையும் எழுதிவிட்டு மேற்கே ரோட்டுக்கு நடந்தேன்.

திரும்பி வந்ததும் அதை நினைத்தேனா? நினைத்தேன். நடக்கப் போவதைத்தானே எழுதினோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் குத்தகைக்காரருக்கு வாசித்துக் காட்டும்போது, அது நான் கண்ணால் கண்டது போலவே என் வாயில் வந்தது. என் எழுத்தை நானே நம்பிவிட்டேன்.

பேசாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியதை மறைக்க மாட்டேன். படம், கடிதம், பதிவேடு மூன்றும் ஒரே பேச்சுப் பேசின. என் டைரியை யாரும் படிப்பதில்லை. மேலும், தேசப்பன் உண்மையிலேயே வைத்திருந்தால்? பதினொன்றரைக்குக் காற்று எந்தப் பக்கம் இருந்தது என்று எனக்கு என்ன தெரியும்? ஒருவேளை மேல்காற்றாகவே இருந்திருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. ஊரில் யார் எவ்வளவு மீன் போட்டார், யாருக்கு எந்தப் பாடு என்பதெல்லாம் என் கையெழுத்தில்தான் இருந்தது. அதில் ஒரு வரி பொய் என்று சொன்னால் மற்ற வரிகளை யார் நம்புவார்கள்?

அன்று, பதினேழாம் தேதி, 11.30க்கு வெளியே போய்ப் பார்வை எழுதினேன். மேல்காற்று, தூசி லேசானது, புகை இல்லை. பார்த்துத்தான் எழுதினேன். எழுதியதை மூன்று முறை சரிபார்த்தேன். மூன்றாவது முறையும் அது பொய் போலவே இருந்தது.

வலைக் கொட்டகை

நான்கு மணிக்கு ஆண்கள் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வெளியே, காயப்போட்ட வலைகளுக்கு அந்தப் பக்கம். குத்தகைக்காரர் நாற்காலியில்.

"படமே வந்துடுச்சாமே ரைட்டரே. பொம்பளைங்க பேச்ச வுட்டுட்டு அத்தப் பிரிங்க."

விரித்தேன். தலைகள் குனிந்தன. தேசப்பன் முன்னால் வந்தார்.

"இதுல தோப்பு எங்க கீது?"

காட்டினேன்.

"நான் எங்க கீறேன்?"

"நீ தெரிய மாட்டே."

"அப்போ எதுக்கு இந்தப் பேஜாரு?"

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். தலைவர் கையைத் தூக்கினார்.

பென்சிலை எடுத்து வெள்ளைக் கோட்டின் இரண்டு முனைகளையும் தொட்டுக் காட்டினேன். "காற்று மேற்கேயிருந்து அடிச்சா, இது சேத்துத் தூசி. அப்போ பதினொன்றரைக்குத் தோப்பில் தீ இல்லை. காற்று கிழக்கேயிருந்து அடிச்சா, இது தோப்புப் புகை. அப்போ தேசப்பன் சந்தையில் இருக்கும்போதே தோப்பு எரியுது. எந்த முனையில் தொடங்குச்சுன்னு படம் சொல்லாது."

"காத்து எங்கேர்ந்துன்னு நீங்கதானே எழுதறீங்க?" என்றார் குத்தகைக்காரர்.

"ஆமா."

"இன்னா எழுதினீங்க?"

"மேற்குன்னு."

"அப்புறம் இன்னா?"

"அது நான் பார்த்து எழுதினது இல்லை."

வலை முடிந்துகொண்டிருந்த ஒருவர் கையிலிருந்த ஊசியை வைத்துவிட்டார். நான் டைரியைத் திறந்து, ஒன்பதாம் தேதி வரியை வரன் விஷயம் உட்பட அப்படியே வாசித்தேன்.

குத்தகைக்காரர் எழுந்தார். "யாரு சொல்லிக் குடுத்தது உமக்கு? எட்டு நாளா இல்லாதது இன்னிக்கு வருது?"

தலைவர் அவரைக் கவனிக்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். அவர் எப்போதும் என்னை 'நீங்க' என்றுதான் பேசுவார்.

"பதினோரு மாசமா இத்தத்தான் பண்ணிக்கினு இருந்தியா?"

"ஒரு நாள்தான்."

"ஒரு நாள்தான்னு நாங்க எப்படி நம்புறது?"

டைரியை மூடினேன்.

"சரி. அப்போ காத்து எங்கேர்ந்து அடிச்சுது? அதுவாவது யாருக்காச்சும் தெரியுமா?"

"தெரியும்" என்றது வலைகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

நாகம்மா. ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவர் முணுமுணுத்தார். தலைவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "அங்கேர்ந்தே சொல்லும்மே" என்றார். நாகம்மா அங்கேயிருந்து சொல்லவில்லை. வலையை விலக்கிக்கொண்டு கூரையின் விளிம்பு வரை வந்து நின்றார்.

"அன்னிக்கு நாங்க எறா தூத்திக்கினு இருந்தோம். தூத்துறப்போ காத்துக்கு முதுகு காட்டணும், இல்லாட்டி தோலு மூஞ்சில அடிக்கும். காலையில மேக்கால காத்து, கிழக்கப் பாத்து நின்னோம். அப்புறம் கொண்டல் திரும்பிடுச்சு."

கடலிலிருந்து வரும் கிழக்குக் காற்றைத்தான் அங்கே கொண்டல் என்பார்கள்.

"எப்போன்னு ஒனக்கு எப்படித் தெரியும்? கடியாரம் கட்டியிருந்தியா?" என்றார் குத்தகைக்காரர்.

"கடியாரம் எதுக்கு? கொண்டலுக்கு முதுகக் காட்டினா மொகரை மேக்கால இருக்கும். மேக்கால ரோடு கீது. இந்த ரைட்டரு குடையத் தூக்கிக்கினு ஓடி, பதினோரு மணி பஸ்ல தொத்திக்கினதப் பாத்தேன். கிழக்கப் பாத்து நின்னிருந்தா எனக்கு இன்னா முதுகுலயா கண்ணு?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அந்தக் குடை நினைவுக்கு வந்தது. டைரியில் குடையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

"கரி எப்போ வுழுந்துச்சு?" என்றார் தலைவர்.

"பஸ்ஸு போயி, ரெண்டு மொறம் தூத்தியிருப்போம். அதுக்குள்ள எறா மேல கறுப்பா வுழுந்துச்சு. பாய போட்டு மூடினோம். இதோ நிக்கிறாளுங்க, கேளு."

"இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"சொன்னா? புருசனக் காப்பாத்த ரைட்டரு மேல பழி போடுறான்னுதான் சொல்லியிருப்பீங்க. அவராண்டயே போய்க் கேட்டேன். பதிவேட்டுல இருக்குதுன்னாரு." என் பக்கம் திரும்பவே இல்லை. "ஊர்ல இல்லாத மனுசன் ஊருல காத்து இன்னான்னு எழுதி வச்சிருக்காரேன்னு எட்டு நாளா இவரத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

தலைவர் ஆண்களைக் கலந்து பேசினார். அதிக நேரம் ஆகவில்லை. தேசப்பன் மேல் பழி இல்லை, விடியலில் ஏரியில் இறங்கி வலை கட்டலாம்.

"எல்லாம் ஒரே கூட்டு" என்று குத்தகைக்காரர் துண்டை உதறினார். போகும்போது என்னைப் பார்த்த பார்வையில் இருந்தது கோபம் மட்டும்தானா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. தீக்கு முந்தின நாள் அந்தத் தோப்பிலிருந்து விறகுப் படகுகள் வழக்கத்தைவிட அதிகமாகப் போயின என்று பிறகு ஒருவர் சொன்னார். டைரியில் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். நானே பார்க்காததை இப்போதெல்லாம் கேள்விக்குறி இல்லாமல் எழுதுவதில்லை.

கூட்டம் கலைந்தபோது தேசப்பன் என் அருகில் வந்தார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"இன்னா வோணும் ஒனக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணும் வேணாம்."

"சும்மா யாரும் இப்படிச் செய்ய மாட்டாங்க ரைட்டரே" என்று சொல்லிவிட்டுப் படகைப் பார்க்கப் போனார்.

தலைவர் கடைசியாக ஒன்று சொன்னார். நாளையிலிருந்து ஐந்து வேளையும் நான் எழுதும்போது ஊர் ஆள் ஒருவர் கூட நிற்க வேண்டும். யார் நிற்பது என்று கேட்டார். ஆண்கள் எல்லோருக்கும் வேலை இருந்தது.

அன்று 5.30க்குக் கடைசிப் பார்வை. கீழ்க்காற்று, மிதம். தூசி இல்லை, புகை இல்லை. 6.00க்குச் சென்னைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'ஒன்பதாம் தேதி பதினொன்றரை மணிக் குறிப்பை ரத்து செய்யவும்' என்று தொடங்கி, காரணத்தையும் எழுதினேன். ஒரு பக்கம் வந்தது. மகளின் வரன் விஷயத்தை அதில் எழுதவில்லை.

சனிக்கிழமை

பதினெட்டாம் தேதி காலை 5.10: விழிப்பு. 5.25க்குப் பதிவேட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். தேசப்பன் படகு அதற்கு முன்பே போயிருந்தது. மூங்கில் கழியருகே நாகம்மா நின்றுகொண்டிருந்தார். கையில் காலி முறம்.

பழக்கத்தில், நடந்துகொண்டே பேனா மூடியைத் திறந்து தேதியைப் போட்டு, காற்று என்ற கட்டத்தில் பேனாவை வைத்தேன்.

"இரு" என்றார் நாகம்மா. "மொதல்ல மேல பாரு. அப்புறம் எழுது."

பேனாவை எடுத்துவிட்டு மேலே பார்த்தேன். மேற்கே திரும்பினேன், பிறகு கிழக்கே. அவரும் பார்த்தார்.

மேல்காற்று, மெலிது. தூசி இல்லை. புகை இல்லை. நேரம் 5.33 என்று எழுதினேன்.